அளக்கும் கையை அளந்தவர் யார்?

சென்னை மாநகரின் ஊடே கறுத்துத் தேங்கிக் கிடக்கும் பக்கிங்காம் கால்வாயை நாம் நாள்தோறும் கடந்து செல்கிறோம். மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோமேயன்றி, அதன் வரலாற்றை எண்ணிப் பார்ப்பவர் நம்மில் மிகச் சிலரே. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அதன் பகுதி 1877–78ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் பசியால் ஊர் துறந்து வந்த குடியானவர்கள். நம் பாட்டிமார் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று சொல்லக் கேட்டிருக்கிறோமே, அப்பஞ்சத்தின் நிவாரண வேலையாக வெட்டப்பட்ட கால்வாய் இது. அன்று சென்னை மாகாணத்தின் கவர்னராயிருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு நிலைத்தது. மண் சுமந்தவர்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை.

அந்த மண் சுமந்த கைகளுக்கு அரசு என்ன கொடுத்தது? கொடுத்ததை யார் கண்காணித்தார்கள்? இந்த இரு கேள்விகளையும் கேட்டுப் பார்த்தால், வறியோர்க்கு அரசு செய்யும் உதவியின் வரலாறு முழுவதுமே நம் முன் விரிகின்றது.

1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வைஸ்ராய் லிட்டன் பிரபு, சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரைப் பஞ்சப் பகுதிகளுக்குத் தம் பிரதிநிதியாக அனுப்பினார். இந்த டெம்பிள் கல்நெஞ்சராகவே பிறந்தவர் என்று கூறிவிட இயலாது. 1873–74இல் பீகாரில் பஞ்சம் தோன்றியபோது, பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான டன் அரிசியைத் தருவித்துப் பெருஞ்சாவைத் தடுத்தவர் அவரே. ஆனால் உயிர் காத்ததற்குக் கிடைத்த பரிசு, ‘கஜானாவை வீணாக்கினார்’ என்னும் பழிச்சொல். அந்தப் பழியைத் துடைத்துக்கொள்ளும் வாய்ப்பாகவே அவர் தென்னாட்டுப் பயணத்தைக் கருதினார் போலும்.

சென்னை மாகாணத்தில் கடுமையான கண்காணிப்பை அவர் புகுத்தினார். உண்மையிலேயே பசித்தவன் யார், பசித்தவன்போல் நடிப்பவன் யார் என்று பிரித்தறிவதே அதன் நோக்கம் என்றார்கள். உடல் வலுவுள்ளவன் தன் ஊரிலிருந்து பத்து மைலுக்கு அப்பால் சென்றால்தான் வேலை பெறலாம் என்பது ஒரு சோதனை. கூலியைக் குறைத்து வைத்தால் உண்மையான ஏழை மட்டுமே வருவான் என்பது மற்றொரு சோதனை. நாள் முழுதும் மண் வெட்டும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் என்று விதித்தார். பெண்களுக்கும் சிறுவர்க்கும் அதனினும் குறைவு. சில மாதங்களுக்குள் லட்சக்கணக்கானோர் வேலைத்தலங்களிலிருந்து விலக்கப்பட்டனர்.

இங்கேதான் ஒரு மருத்துவரை நாம் நினைவுகூர வேண்டும். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ், தென்னாட்டு மக்களின் உணவைப் பற்றி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். உழைக்கும் ஆளுக்கு ஒரு ராத்தல் தானியம் போதாது, குறைந்தது ஒன்றரை ராத்தல் தானியமும் அதனுடன் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று அவர் வாதிட்டார். அரசின் ஊழியராய் இருந்துகொண்டே அரசின் கணக்கை மறுத்தெழுதினார். டெம்பிள், கூலி வாங்குபவனை அளந்தார். கார்னிஷோ கூலியையே அளந்தார். கார்னிஷின் வாதம் முழு வெற்றி பெறவில்லை. எனினும் 1877 மார்ச்சில் சென்னை அரசு, ஒன்றேகால் ராத்தல் தானியமும் சிறிது பருப்பும் என்று அளவை உயர்த்தியது.

இதே வேளையில் பம்பாய் மாகாணத்தின் தக்காணப் பகுதியிலும் இக்குறைந்த கூலி புகுத்தப்பட்டது. அங்கே தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாக வேலைத்தலங்களை விட்டு வெளியேறினர். பூனாவின் சார்வஜனிக சபை ஊர்தோறும் செய்திகளைத் திரட்டி, மனுமேல் மனுவாக அரசுக்கு அனுப்பியது. அரசின் நிவாரணத்தை மக்களின் சங்கமொன்று தொடர்ந்து கண்காணித்த முன்மாதிரிகளுள் இதனை ஒன்றாகக் கொள்ளலாம்.

அப்பஞ்சம் தணிவதற்குள் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் மாண்டவர் தொகை ஐம்பது லட்சத்தையும் கடந்தது என்பது ஆய்வாளர் பலரின் மதிப்பீடு. அதன்பின் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையில் அமைந்த பஞ்ச விசாரணைக் குழு 1880இல் அறிக்கை தந்தது. அதன் பயனாக 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு உருவாயிற்று. எப்போது வேலை திறப்பது, யாருக்கு எவ்வளவு கூலி, யார் மேற்பார்வை என்பனவெல்லாம் அதில் வரையறுக்கப்பட்டன. இது முன்னேற்றமே, ஐயமில்லை. ஆயினும் ஒரு பெருங்குறை அதில் இருந்தது. ‘பஞ்சம் வந்துவிட்டது’ என்று அறிவிக்கும் அதிகாரம் அரசிடமே தங்கிவிட்டது. பசித்தவன் தன் உரிமை இதுவென்று கேட்க வழியில்லை. 1943இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டபோது, அந்த விதித்தொகுப்பு அலமாரியில் பத்திரமாகவே இருந்தது. பஞ்சம் என்று அரசு அறிவிக்கவேயில்லை. ஆகவே விதிகளும் விழித்துக்கொள்ளவில்லை.

விடுதலைக்குப் பின் அந்தக் குறையைத் தீர்க்க முதலடி எடுத்து வைத்தது, அன்று கூலி மறுத்து வெளியேறிய அதே தக்காண மண்தான். 1972இல் மகாராஷ்டிரத்தைக் கொடிய வறட்சி வாட்டியபோது வேலை உறுதித் திட்டம் தோன்றியது. 1977இல் அது சட்டமாயிற்று. வேலை கேட்பவனுக்குப் பதினைந்து நாட்களுக்குள் வேலை தரவேண்டும், தராவிடில் படி அளிக்க வேண்டும் என்றது அச்சட்டம். இரப்பவனாக நின்றவன் கேட்பவனாக மாறினான்.

கேட்கும் உரிமை வந்துவிட்டால் போதுமா? ஏட்டில் கூலி கொடுபட்டிருக்கும்; கை வெறுமையாய் இருக்கும். இம்முடிச்சை அவிழ்த்தவர்கள் இராஜஸ்தானத்து உழைப்பாளிகள். அருணா ராய் முதலியோர் 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் அமைப்பு, 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட்கிரானா என்னும் சிற்றூரில் ஒரு பொது விசாரணையை நடத்தியது. அவர்கள் செய்தது மிக எளிய காரியம். வேலை செய்தோரின் வருகைப் பட்டியலை ஊரார் நடுவே உரக்கப் படித்தார்கள். அவ்வளவுதான். இவ்வாறு ஊர் ஊராகப் படிக்கப் படிக்கப் பொய்க்கணக்குகள் வெளிப்பட்டன. இறந்தவர்கள் மண் சுமந்திருந்தார்கள். வேலைக்கே போகாதவர்கள் கூலி பெற்றிருந்தார்கள். எழுத்தறியாத மூதாட்டியும் தன் பெயரைக் கேட்டதும் ‘நான் வாங்கவில்லை’ என்று எழுந்து சொல்ல முடிந்தது. தணிக்கை அதிகாரிகள் ஆண்டுக்கணக்கில் காணாததை ஊர்ச்சபை ஒரு பகற்பொழுதில் கண்டது. 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிறப்பதற்கு இத்தகைய விசாரணைகளே வித்தாயின.

அதே 2005இல் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டமும் நிறைவேறியது. ஆண்டுக்கு நூறு நாள் வேலை என்று உறுதியளித்ததோடு, அதன் 17ஆம் பிரிவு, கிராம சபையே பணிகளைச் சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்றும் விதித்தது. 2006 பிப்ரவரியில் தொடங்கிய முதற்கட்டத்தில் தமிழகத்தின் கடலூர், விழுப்புரம், நாகப்பட்டினம், திருவண்ணாமலை, திண்டுக்கல், சிவகங்கை ஆகிய 6 மாவட்டங்கள் இடம்பெற்றன. ஆந்திரப் பிரதேசம் இத்தணிக்கைக்கென்றே 2009இல் தனி அமைப்பை நிறுவியது. உழைப்பாளர் குடும்பத்து இளைஞர்களே பயிற்சி பெற்று, வீடுவீடாகச் சென்று ஏட்டையும் உண்மையையும் ஒப்பிட்டனர். பணியை நடத்தும் அலுவலகத்தின் பிடியில் தணிக்கை இருக்கலாகாது என்று 2011ஆம் ஆண்டின் மத்திய விதிகளும் வலியுறுத்தின.

ஆனால் பழைய கண் முற்றிலும் மூடிவிடவில்லை. 2023 ஜனவரி முதல் வேலைத்தலங்களில் நாளொன்றுக்கு இருமுறை தொழிலாளரைக் கைப்பேசியில் படமெடுத்து வருகையைப் பதிய வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. ஊழலை ஒழிக்கவே இந்த ஏற்பாடு என்றார்கள். மலையடிவாரத்திலும் காட்டோரத்திலும் அலைவரிசை கிட்டாதபோது, உழைத்தவரின் நாள் கணக்கில் ஏறாமற்போனது. ஏமாற்ற எண்ணியவர்களோ படத்தையே படமெடுத்து அனுப்பினார்கள். 2025 ஜூலையில் மத்திய அமைச்சகமே இதைச் சுட்டிக்காட்டிச் சுற்றறிக்கை விடுக்க நேர்ந்தது. பின்னர் 2025 டிசம்பரில், அந்த 2005ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, 125 நாள் வேலை என்று கூறும் புதிய சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

சட்டங்கள் வரும், போகும். நாட்கள் நூறாகும், நூற்றிருபத்தைந்தாகும். நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று மட்டும் மாறுவதில்லை. கண்காணிப்பு வேண்டுமா என்பதில் நமக்கு ஐயமில்லை. பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும். அந்தக் கண் யாரை நோக்கித் திரும்பியிருக்கிறது என்பதே வினா. ஏந்தும் கையை மட்டும் உற்றுப் பார்த்த ஆட்சி, 1877இல் ஒரு ராத்தலைக் கொடுத்துவிட்டுப் பிணங்களை எண்ணியது. அளக்கும் கையையும் மக்கள் பார்க்கலாம் என்று ஏடு திறந்தபோது, கோட்கிரானாவில் ஏழையின் குரலே தணிக்கையாயிற்று.

நம் ஊரில் கிராம சபை கூடுகின்ற நாளில், அந்த ஏட்டை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்க நம்மில் எத்தனை பேர் போகிறோம்? போகாதிருந்துவிட்டு, கணக்கு பொய்யாகிவிட்டதே என்று திண்ணையில் அமர்ந்து வருந்துவதில் பொருளில்லை. அடுத்த முறை பக்கிங்காம் கால்வாயின் பாலத்தைக் கடக்கும்போது, மூக்கைப் பொத்திய கையை ஒரு கணம் எடுத்துவிட்டு, ஒரு ராத்தல் தானியத்துக்காக அதை வெட்டியவர்களை நினைத்துக்கொள்வோம். அவர்கள் முன் ஏடு படிக்கப்படவில்லை. நம் முன் படிக்கப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமையேனும் நமக்கு இருக்கிறது.