மாறாப் புரதம் மட்டும் போதுமா? இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியின் இலக்குத் தேர்வு

இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியில் இடம்பெற வேண்டிய திரிபுகளை உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை பரிந்துரைக்கிறது. ஊசி தயாராகிப் பயனுக்கு வரும் மாதங்களுக்குள் வைரஸ் உருமாறிவிடுவதுண்டு. 2014–15 பருவத்தில் அமெரிக்காவில் எச்3என்2 வைரஸ் அப்படி மாறியதால் தடுப்பூசியின் பயன்திறன் 20 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. ஆண்டுதோறும் மாறாத புரதங்களைக் குறிவைக்கலாம் என்ற யோசனைக்கு வலுச்சேர்ப்பவை இத்தகைய அனுபவங்களே. இலக்கு மாறாதிருப்பது தேவைதான். ஆனால் அதை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் தேர்வு பிழைபடும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒரு புரதப் பகுதி மாறாதிருக்க இரு காரணங்கள் இருக்கலாம். மாறினால் வைரஸின் பணி கெடும் என்பது ஒன்று. வைரஸின் மேற்பரப்பிலுள்ள ஹீமக்ளூட்டினின் புரதத்தின் தண்டுப் பகுதி வைரஸ் உறையைச் செல்லின் சவ்வோடு இணைக்கிறது. அங்கே தாறுமாறான மாற்றத்துக்கு இடமில்லை. மாறும்படியான நெருக்கடி நேரவில்லை என்பது மற்றொன்று. நம் எதிர்ப்பொருள்களில் பெரும்பாலானவை புரதத்தின் தலைப்பகுதியையே தாக்குவதால் தண்டின்மீது அழுத்தம் குறைவு. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, தண்டைத் தாக்கும் எதிர்ப்பொருள்களிலிருந்து எச்3 வகை ஹீமக்ளூட்டினின் கொண்ட வைரஸ் எளிதில் தப்புவதையும், எச்1 வகைக்கு அது அரிதாக இருப்பதையும் ஆய்வகத்தில் காட்டியது. இயற்கையில் இன்று காணும் நிலைத்தன்மை, தடுப்பூசி தரும் அழுத்தத்திலும் நீடிக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

இலக்கு இருக்கும் இடமும் முக்கியம். நியூக்ளியோபுரதமும் எம்1 புரதமும் வைரஸின் உள்ளே இருப்பவை. முழு வைரஸில் எதிர்ப்பொருள்கள் அவற்றை எட்டா. ஆனால் தொற்றிய செல்களை நோயெதிர்ப்பு அமைப்பின் டி செல்கள் அழிக்கலாம். ஆகவே தொற்றைத் தடுப்பதைவிட நோயின் கடுமையைக் குறைப்பதையே எதிர்பார்க்க வேண்டும். 2009 பெருந்தொற்றின்போது லண்டனில் நடந்த ஆய்வில், மாறாப் பகுதிகளை அறியும் சிடி8 டி செல்கள் மிகுந்தவர்களுக்கு நோய் லேசாகவே இருந்தது. இயற்கைத் தொற்று தந்த இந்த நோயெதிர்ப்பு நினைவை ஊசியால் உண்டாக்குவது எளிதன்று. ஒன்பது மாறாத் துண்டுகளைக் கோத்த எம்-001 தடுப்பூசி, 12,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற மூன்றாம் கட்டச் சோதனையில் 2020இல் தோல்வியுற்றது. துண்டுகள் மாறாதவைதாம், ஆனால் போதிய பாதுகாப்பை அவை தரவில்லை.

நியூயார்க்கின் மவுண்ட் சினாய் ஆய்வாளர்கள் வேறு வழியை நாடினர். மனித உடல் முன்பு கண்டிராத தலைகளை ஒரே எச்1 தண்டோடு மாற்றி மாற்றிப் பொருத்தித் நோயெதிர்ப்பு எதிர்வினையைத் தண்டின் பக்கம் திருப்பினர். 2021இல் வெளியான முதற்கட்டச் சோதனை முடிவுகள் தண்டுக்கான எதிர்ப்பொருள்கள் நீண்டகாலம் நிலைத்ததைக் காட்டின. எனினும் நோய்த்தடுப்பு அங்கே அளக்கப்படவில்லை. மேலும் எச்3க்கும் இன்ஃப்ளூயன்சா பி வகைக்கும் தனித் தண்டுகள் வேண்டும்.

எனவே வேட்பு இலக்கு ஒவ்வொன்றுக்கும் வைரஸை எதிர்ப்பொருள் அழுத்தத்தில் வளர்த்து, தப்பும் வைரஸ் எவ்வளவு வலுவிழக்கிறது என்று முதலில் அளக்க வேண்டும். உட்புரதத் தடுப்பூசிகளை மருத்துவமனைச் சேர்க்கையைக் குறைக்கும் திறனால் மதிப்பிட வேண்டும். இவை உறுதிப்படும்வரை மாறாப் புரத ஊசி, பருவகால ஊசிக்குத் துணையாகவே நிற்க முடியும்.