சிப்பிப்பாறை ஏன் சொன்ன பேச்சு கேட்கலை?

எங்க பக்கத்துல இருந்து சிப்பிப்பாறைக் குட்டி வாங்கிட்டுப் போற டவுன்காரங்க, ஏழெட்டு மாசம் கழிச்சு போன் போட்டு ஒரே புகாரைத்தான் சொல்றாங்க. "சிட் சொன்னா உட்கார மாட்டேங்குது, கம் சொன்னா திரும்பிக்கூடப் பார்க்கலை. மந்தமான நாயா கொடுத்துட்டீங்களா?" சிலர் அடிச்சும் பார்த்திருக்காங்க. ஒருத்தர் பைபாஸ் ரோட்டுல அவுத்து விட்டுட்டு வந்துட்டேன்னே சொன்னார். ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கலை.

நாய்ன்னா சொன்னதைச் செய்யணும்ங்கிற நம்ம எண்ணத்துக்குப் பின்னால இருக்கிறது பெரும்பாலும் அல்சேஷன்தான். ஜெர்மனியில் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபனிட்ஸ் என்கிற குதிரைப்படை அதிகாரி, 1899-ல் ஆட்டுக்கிடை நாய்களைத் தேர்ந்தெடுத்து அந்த இனத்துக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். கிடை நாய்க்கு என்ன வேலை? மந்தையை எந்தப் பக்கம் திருப்பணும்னு மேய்க்கிறவர் முகத்தையும் கையையும் பார்த்துக்கிட்டே இருக்கணும். பார்க்காத நாய்க்கு அங்க வேலை இல்லை. 1910-ல் கொன்ராட் மோஸ்ட் என்ற ஜெர்மானியர் நாய் பழக்குவதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். போலீஸ், ராணுவம் வழியா இந்தப் பழக்கமெல்லாம் பல நாடுகளுக்கும் போச்சு. சென்னையில் போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவு 1951-ல் வந்தது.

நம்ம கரிசல்காட்டு நாயோட வரலாறு வேற. இது முயல் விரட்டின நாய். மோப்பம் பிடிச்சுப் போறதில்லை, கண்ணால பார்த்து விரட்டுறது. முயல் புதரை விட்டுக் கிளம்புச்சுன்னா கண் மூடித் திறக்கிறதுக்குள்ள நாயும் முயலும் ரெண்டு காடு தாண்டிரும். பின்னாடி ஓடுற ஆளு மூச்சிரைச்சு வரப்புல நிப்பான். முயல் இடது பக்கம் வெட்டித் திரும்பினா, தானும் திரும்புறதா, குறுக்க மடக்குறதான்னு அந்த நொடியில நாய்தான் முடிவு பண்ணணும். எஜமான் என்ன சொல்றார்னு திரும்பிப் பார்த்த நாய் முயலை விட்டுரும். அப்படிப்பட்ட நாயோட குட்டியை எவன் கேட்டு வாங்குவான்? இப்படித் தலைமுறை தலைமுறையா கழிச்சுக் கழிச்சு எடுத்த நாய் இது. பெரியவங்க இதுக்குச் சொன்ன பேச்சே ரெண்டுதான்: 'சூ' காட்டுறது, பேர் சொல்லிக் கூப்பிடுறது. உட்காரச் சொல்லி யாரும் கேட்டதே இல்லை. உடம்புல கொழுப்பில்லாத நாய்க்கு டைல்ஸ் தரையில குத்த வைக்கிறது சுகமாவும் இருக்காது.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. முயல் வேட்டை குற்றம். சட்டம் சரிதான், நான் குறை சொல்லலை. ஆனா நாய்க்கு வேலை போச்சு, குணம் போகலை. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்கு அப்புறம் நாட்டு இனம்னு ஆசை கிளம்புச்சு. 2020-ல் பிரதமரே வானொலியில சிப்பிப்பாறை, கன்னி, கோம்பைன்னு பேர் சொன்னார். குட்டிக்குக் கிராக்கி கூடிருச்சு. அது எதுக்குப் பிறந்த நாய்னு சொல்லித்தான் யாரும் கொடுக்கலை.

பழக்கவே முடியாதான்னா, முடியும். அடிச்சா கிட்டவே வராது, அவ்வளவு ரோஷம். சாப்பாட்டு நேரத்துல பேர் சொல்லி, சீட்டியடிச்சுக் கூப்பிட்டுப் பழக்குங்க. காலையில வேலி போட்ட இடத்துல நல்லா ஓட விடுங்க. ரோட்டோரம் மட்டும் கயிறை அவுக்காதீங்க. ஒரு பூனை குறுக்க ஓடினா நீங்க கூப்பிடுறது அதோட காதுல ஏறாது.

வச்சுக்கவே முடியலைன்னா எங்கேயும் விட்டுராதீங்க. எங்க தோட்டத்துக்கே கொண்டு வந்துருங்க, கம்பங்கூழுக்குப் பஞ்சமில்லை.