மலிவு விலையில் வளைக்கரடி பிரஷ்: ஒரு சவரக் கருவியின் வரலாறு

ஷேவிங் பிரஷ்ஷுக்கு மயிர் தரும் வளைக்கரடி, ஐரோப்பாவிலும் ஆசியாவின் குளிர்ப் பகுதிகளிலும் மண்ணில் வளை தோண்டி வாழும் விலங்கு. ஆங்கிலத்தில் பேட்ஜர் என்பது இதைத்தான். இந்தியக் காடுகளில் அரிதாகத் தென்படும் தேன்வளைக்கரடி இதற்குத் தூரத்து உறவு. வளைக்கரடியின் முதுகு மயிர் ஒன்றைத் தனியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் வெளிர் நிறமும், நடுவில் கறுப்புப் பட்டையும், மேலே மறுபடி வெண்மையும் தெரியும். நுனி சட்டென்று முடியாமல் சிறுகச் சிறுக மெலிந்து முடியும். கன்னத்தில் பட்டால் குத்தாமல் இருப்பது இந்த நுனியால்தான். ஒரு பிரஷ் என்ன விலைக்குப் போகும் என்பதையும் பெரும்பாலும் இதுவே முடிவு செய்கிறது.

இந்த மயிர் தண்ணீரைப் பிடித்துவைக்கும் என்று காலங்காலமாகச் சொல்லப்படுகிறது. அதில் பாதிதான் உண்மை. நெருக்கமாகக் கட்டிய கொத்தில் மயிர்களுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளில்தான் தண்ணீர் பெரும்பாலும் தங்குகிறது. மயிர் மெல்லியதாகவும் விறைப்பாகவும் இருப்பதால் நனைந்த பிறகும் கொத்து சப்பிப்போவதில்லை. சோப்பில் சுழற்றும்போது வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்துக் கெட்டியான நுரை எழுப்புகிறது. அதே நேரம் தாடி மயிரை நிமிர்த்தி நனைத்தும் விடுகிறது. பன்றிமயிர் பிரஷ்ஷையும் நன்றாக ஊறவைத்தால் இந்த வேலையைச் செய்யும், சற்றுத் தாமதமாக.

ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சவரத்துக்குப் பிரஷ் கட்டாயமாக இருக்கவில்லை. கழுத்தோடு பொருந்தும்படி விளிம்பில் அரைவட்டம் வெட்டிய கிண்ணத்தை வாடிக்கையாளரின் மோவாய்க்குக் கீழே பிடித்து, சோப்புத் தண்ணீரைக் கையால் முகத்தில் தேய்த்துவிடுவதே சவரத் தொழிலாளியின் வழக்கம். அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரான்சில் பிரஷ் பரவியது. ஏறக்குறைய அதே காலத்தில், 1740களில், இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசையில் எஃகை உருக்கும் முறையைக் கண்டறிந்தார். அதனால் கூர் நீடிக்கும் நல்ல சவரக்கத்திகள் கிடைத்தன. பாரிஸில் கத்தி செய்து விற்றுவந்த ழான் ழாக் பெரே, தனக்குத் தானே சவரம் செய்துகொள்வது எப்படி என்று கற்றுத்தரும் ஒரு முழு நூலை 1769இல் வெளியிட்டார். பிறர் கையை நம்பியிருந்த காரியம் கண்ணாடி முன் தனியாகச் செய்யும் காரியமாக மாறத் தொடங்கியதும் அதற்கான கருவிகளுக்குச் சந்தை பிறந்தது. லண்டனில் வில்லியம் கென்ட் தன் பெயரில் பிரஷ் நிறுவனத்தைத் தொடங்கிய ஆண்டு 1777. தந்தம், கொம்பு, கருங்காலி ஆகியவற்றில் கடைந்த கைப்பிடிகளுடன் வந்த வளைக்கரடி பிரஷ்கள் வசதி படைத்தோரின் ஒப்பனைப் பெட்டிகளில் இடம்பிடித்தன. சாதாரணச் சவரக் கடைகளில் பன்றிமயிரே புழங்கியது.

அக்காலப் பிரஷ்களின் பெரிய குறை மயிர் உதிர்வது. கொத்தை நூலால் கட்டிப் பிசின் வைத்துக் கைப்பிடியில் ஒட்டினார்கள். நாள்தோறும் வெந்நீர் பட்டால் எந்தப் பிசினும் தளர்ந்துவிடும். அமெரிக்காவில் நியூவார்க் நகரின் ரப்பர்செட் நிறுவனம் மயிரின் அடியைக் கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பரில் பதித்து இதற்குத் தீர்வு கண்டது. கைப்பிடியிலும் மலிவான பொருள்கள் வந்தன. தந்தத்துக்குப் பதிலாக செல்லுலாய்டும், பால் புரதத்தில் செய்த கேசீன் பிளாஸ்டிக்கும் தந்தம்போலவே மினுங்கின. கைப்பிடிக்கும் ஒட்டுக்கும் மலிவான மாற்று கிடைத்துவிட்டது. மயிருக்கு மட்டும் கிடைக்கவில்லை.

அந்த நெருக்கடி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முற்றியது. கிங் ஜில்லெட்டின் பிளேடு ரேசர் 1903இல் விற்பனைக்கு வந்தது. முதல் உலகப் போரின்போது அமெரிக்க அரசு தன் படைவீரர்களுக்கென வாங்கிய ஜில்லெட் ரேசர்கள் மட்டும் சுமார் 35 லட்சம். நச்சுவாயு முகமூடி முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டுமானால் தாடி இருக்கக் கூடாது. ஆகவே பாசறையில் இருந்தவர்களுக்கு ரேசரோடு சோப்பும் பிரஷ்ஷும் வேண்டியிருந்தன. லட்சக்கணக்கான வீரர்களுக்கு வளைக்கரடி மயிர் கிடைக்கவும் செய்யாது, கட்டுப்படியும் ஆகாது. சந்தையை நிரப்பியது குதிரைமயிர். அதை வெளுத்து, நடுவில் ஒரு கறுப்புப் பட்டைக்குச் சாயம் ஏற்றிவிட்டால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வளைக்கரடி மயிராகவே தெரியும். போலி வளைக்கரடி என்ற பெயரிலேயே இது வணிகத்தில் புழங்கியது.

இந்தக் குதிரைமயிரில் பெரும்பகுதி சீனாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வந்தது. போருக்கு முன்பு அது ஐரோப்பா வழியாக, குறிப்பாக ஜெர்மனி வழியாக, கிருமி நீக்கப்பட்டு மற்ற நாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. போர் அந்த வழியை அடைத்தது. கிருமி நீக்காத மயிரும், ஜப்பானில் செய்த மலிவான பிரஷ்களும் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் நேராகப் போய்ச் சேர்ந்தன. குதிரையும் ஆடும் மாடும் மேயும் விலங்குகள். மேயும் விலங்குகளைத்தான் அடைப்பான் எனும் ஆந்த்ராக்ஸ் நோய் அதிகம் தாக்கும். அந்தக் கிருமி நுண்வித்தாக உறைந்து மயிரிலும் தோலிலும் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கக்கூடியது. நல்ல பன்றிமயிரைப் பதப்படுத்தும்போது வேகவைப்பது வழக்கம். போலி வளைக்கரடி மயிருக்கு அந்தச் சூடு கிடைக்கவில்லை.

1915 முதல் பிரிட்டனிலும், அமெரிக்கா போரில் இறங்கிய பிறகு அதன் படை முகாம்களிலும், மோவாயிலும் கழுத்திலும் கறுத்த புண்ணோடு ஆட்கள் மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். பிளேடு கீறிய சிறு காயத்தில் பிரஷ்ஷே நுண்வித்துகளைத் தேய்த்துவிட்டிருந்தது. ஆந்த்ராக்ஸ் அதுவரை கம்பளி, தோல், மயிர் ஆகியவற்றோடு வேலை செய்யும் தொழிலாளரின் நோயாக அறியப்பட்டிருந்தது. கால்நடையைத் தொட்டே அறியாத சிப்பாய்க்கும் குமாஸ்தாவுக்கும் அது ஏன் வந்தது என்று மருத்துவர்கள் தேடிப் போனபோது பிரஷ் பிடிபட்டது. நோயாளிகளின் பிரஷ்களிலிருந்தும், கடையில் விற்காமல் இருந்த புதிய பிரஷ்களிலிருந்தும் அதே கிருமியை ஆய்வகங்கள் வளர்த்துக் காட்டின. அந்தப் பத்தாண்டுக் காலத்தில் இரு நாடுகளிலும் சேர்த்து 200க்கும் மேற்பட்டோர் இவ்வாறு பாதிக்கப்பட்டனர். பெனிசிலின் வராத காலம் அது. பலர் பிழைக்கவில்லை.

பிரிட்டன் 1919இல் ஆந்த்ராக்ஸ் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. அதன்கீழ் 1920இல் ஜப்பானியப் பிரஷ்களின் இறக்குமதியைத் தடை செய்தது. அமெரிக்காவிலும் கிருமி நீக்காத மயிருக்குக் கட்டுப்பாடு வந்தது. அதன்பின் கிருமி நீக்கியது என்ற முத்திரை பிரஷ் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இடம்பெற்றது. மலிவு பிரஷ்ஷின் வரலாற்றில் மறக்கக் கூடாத பகுதி இது. குதிரைமயிரைப் பயன்படுத்தியது குற்றமல்ல. ஒழுங்காகப் பதப்படுத்திய குதிரைமயிரில் நல்ல பிரஷ் இன்றும் செய்கிறார்கள். அதை வேறொன்றாகக் காட்டியதும், சுத்தம் செய்யும் செலவை மிச்சம் பிடித்ததும்தான் உயிர்களைக் குடித்தன.

போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இரண்டு எதிரெதிர்ப் போக்குகள் ஒருசேர நடந்தன. அலெக்சாண்டர் சிம்ப்சன் 1919இல் லண்டனில் தொடங்கிய பட்டறை, கையால் கட்டிய வளைக்கரடி பிரஷ்களுக்குப் பேர்போனது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் தொழிற்சாலை அழிந்த பின் அது சாமர்செட் மாவட்டத்துக்கு இடம்பெயர்ந்தது. அமெரிக்காவிலோ அதே 1919இல் பிரஷ்ஷே தேவையில்லாத பார்பசால் கிரீம் பிறந்தது. 1949இல் ரைஸ் என்ற நுரை டப்பா வந்ததும், பொத்தானை அழுத்தினால் போதும் என்றாகிவிட்டது. பிரஷ் தயாரிப்பாளர்கள் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டினார்கள். தமிழ்நாட்டு வீடுகளிலும் சலூன்களிலும் கிரீம் குழாயோடு பிளாஸ்டிக் பிடிபோட்ட நைலான் பிரஷ் நீண்ட காலம் நின்றது. வளைக்கரடி மயிர் இங்கே பெரிதாகப் புழங்கியதில்லை.

ஜெர்மனியின் சாக்சனி மலைப்பகுதியில் உள்ள ஷ்டூட்சன்குரூன் என்ற ஊர் இந்தத் தொழிலை விடவில்லை. ஓட்டோ யோஹன்னஸ் முல்லர் 1945இல் அங்கே தொடங்கிய மூலே நிறுவனத்தைக் கிழக்கு ஜெர்மனி அரசு 1972இல் நாட்டுடைமையாக்கியது. ஜெர்மனி ஒன்றிணைந்த 1990இல் அது குடும்பத்துக்குத் திரும்பி வந்தது. இணையத்தின் காலத்தில் பழைய முறைச் சவரத்தின் மீது உலகெங்கும் மறுபடி ஆர்வம் பிறந்தபோது, அதற்குத் தயாராக இருந்த சில பட்டறைகளில் இதுவும் ஒன்று.

இன்று சந்தைக்கு வரும் வளைக்கரடி மயிர் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருவது. விலங்கின் எந்தப் பகுதி மயிர் என்பதைப் பொறுத்துத் தரம் பிரிக்கிறார்கள். கறுத்து முரடாக இருப்பது ப்யூர். அதற்கு மேல் பெஸ்ட், சூப்பர், உச்சியில் வெண்ணுனி கொண்ட சில்வர்டிப். இந்தப் பெயர்களுக்கு உலகப் பொதுவான தர நிர்ணயம் கிடையாது. ஒருவர் சூப்பர் என்று விற்பது இன்னொருவரின் பெஸ்ட்டாக இருக்கலாம். ப்யூர் என்ற சொல் தூய்மையைக் குறிப்பதுபோல் ஒலித்தாலும், மலிவு பிரஷ்களில் அதிகம் காணப்படும் அடிமட்டத் தரம் அதுதான்.

நல்ல பிரஷ் கட்டும் முறையைப் பார்த்தால் மலிவு பிரஷ் எங்கே மிச்சம் பிடிக்கிறது என்பது விளங்கும். கைத்தொழிலாளி எடைபோட்ட மயிரைக் குழிந்த சிறு கிண்ணத்தில் நுனி கீழே இருக்குமாறு போட்டு, தட்டித் தட்டி இறக்குவார். கிண்ணத்தின் வளைவுக்கு ஏற்ப நுனிகள் தாமாகவே குவிமாடமாக அமையும். பிறகு அடியை நூலால் இறுக்கிக் கட்டிப் பசை வைப்பார். கத்தரி நுனிப்பக்கம் போகவே போகாது. அவசர உற்பத்தியில் கொத்தை எப்படியோ கட்டிவிட்டு, மேலே கத்தரித்து உருண்டை வடிவம் கொண்டுவருகிறார்கள். மெலிந்த நுனி அத்தோடு போய்விடுகிறது. வெட்டுப்பட்ட மயிர் கன்னத்தில் முள்ளாகக் குத்தும். இன்னொரு வழி, கொத்தின் நடுவில் மயிரைக் குறைத்துவிடுவது. வெளியிலிருந்து பருமனாகத் தெரியும். விரலால் பிரித்துப் பார்த்தால் நடுவே பள்ளம் இருக்கும். வெளிச்சுற்றில் வளைக்கரடி, உள்ளே பன்றிமயிர் என்ற கலப்பும், பட்டை போட்டுச் சாயமேற்றிய பன்றிமயிரும் இன்றும் உண்டு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் பன்றிமயிரின் நுனி இரண்டு மூன்றாகப் பிளந்திருக்கும். வளைக்கரடி மயிர் ஒற்றை நுனியாகவே முடியும்.

விலையில் சேராத செலவு ஒன்றும் இதில் இருக்கிறது. இந்த மயிரை ஆட்டுக் கம்பளிபோல் கத்தரித்து எடுப்பதில்லை, விலங்கைக் கொன்ற பிறகே எடுக்கிறார்கள். பிரிட்டன் 1973இலும் பிறகு 1992இலும் சட்டம் இயற்றித் தன் நாட்டு வளைக்கரடிகளைப் பாதுகாத்தது. இறக்குமதியான மயிரில் பிரஷ் செய்வது அங்கே தொடர்ந்தது. சீனப் பண்ணைகளில் நடக்கும் கொடுமைகளை விலங்குநல அமைப்பான பீட்டா 2018இல் படம்பிடித்து வெளியிட்டது. அதையடுத்து சில பெரிய நிறுவனங்கள் இந்த மயிரைக் கைவிட்டன. இந்தியாவிலும் இதற்கு இணையான ஒரு கதை உண்டு. ஓவியத் தூரிகைக்காகக் கீரிகள் பெருமளவில் கொல்லப்பட்டதால், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கீரிமயிர் வணிகத்தைக் குற்றமாக்கியிருக்கிறது.

செயற்கை இழையும் பழைய நைலானாக நின்றுவிடவில்லை. நுனியை மெலியச் செய்த பாலியெஸ்டர் இழைகள் மென்மையிலும் நுரை எழுப்புவதிலும் நடுத்தர வளைக்கரடி பிரஷ்ஷுக்கு ஈடு கொடுக்கின்றன. சீக்கிரம் உலர்கின்றன. ஈரக்காற்று வீசும் ஊர்களில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க இந்தக் குணம் பெரிதும் உதவும்.

மலிவு விலையிலும் வளைக்கரடி மயிரே வேண்டும் என்போர் கைப்பிடியின் அழகுக்கும் தரப்பெயருக்கும் காசு கொடுப்பதைவிட, கத்தரிக்காத நுனியும் நடுவில் பள்ளமில்லாத கொத்தும் இருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது. நிறைவாகக் கட்டிய ப்யூர், அரைகுறையாகக் கட்டிய சில்வர்டிப்பைவிட நெடுநாள் உழைக்கும். முதல் சில வாரங்கள் விலங்கு வாடை வருவதும் சில மயிர் உதிர்வதும் இயல்பு. மாதக்கணக்கில் உதிர்ந்தால் கட்டு சரியில்லை என்று பொருள். கொதிநீர் பசையைக் கெடுக்கும், கை பொறுக்கும் சூடே போதும். பழம்பொருள் கடையில் கிடைக்கும் 1930க்கு முந்தைய பிரஷ்களைக் கைப்பிடிக்காக வாங்கலாம். மயிர்க்கொத்தை எடுத்துவிட்டுப் புதியது பொருத்திக்கொள்ள வேண்டும். அந்தப் பழைய மயிரை முகத்தில் வைக்கக் கூடாது.