பெரிய கோயில் கல்வெட்டு: 21 படம், 19 அடி

பெரிய கோயிலுக்குக் கேமராவோடு போனால் நாம் எல்லோரும் விமானத்தைத்தான் அண்ணாந்து எடுக்கிறோம். 1858-இல் இங்கு வந்த மதராஸ் அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் கீழேயும் பார்த்தார். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடிக்கு ஒரே நீளப் படமாக்கினார். இன்றைய செல்போன் பனோரமா மாதிரி கையை வீசி எடுத்ததல்ல. ஒவ்வொன்றுக்கும் கனத்த பெட்டிக் கேமராவை நகர்த்த வேண்டும்.

கட்டியவர் கரிகாலன் என்ற கதையும் ஊரில் இருந்த காலம் அது. ராஜராஜன்தான் என்று இதே கல்வெட்டுகளைப் படித்து ஹுல்ட்ஷ் நிறுவியது ஏறத்தாழ 30 ஆண்டு கழித்து.

அடுத்த முறை போகும்போது அடித்தளத்தையும் நாலு படம் எடுங்கள். டிரைப் படத்தோடு வைத்துப் பார்த்தால், எந்த எழுத்து தேய்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.