அலகும் விரலும்

பழவேற்காட்டு ஏரியில் படகேறுவோர் பெரும்பாலும் தேடுவது பூநாரையை. அதே படகிலிருந்து, ஆழமில்லாத நீரில் உட்கார்ந்தபடியே நகரும் இருளர் பெண்களையும் காணலாம். பறவையையும் இப்பெண்களையும் அடுத்தடுத்து நோக்கினால், எதிர்பாராத உறவு ஒன்று புலப்படும்: இருவருமே கண்ணால் தேடுவதில்லை.

பூநாரை காலால் மிதித்துச் சேற்றைக் கிளப்புகிறது. தலையைக் கவிழ்த்து அலகை உள்ளே விடுகிறது. தடித்த நாக்கு நீரை இழுத்து வெளியே தள்ள, அலகோரத்துச் சீப்பு போன்ற தகடுகளில் இரை தங்குகிறது. பெண்ணோ கலங்கிய நீருக்குள் இரு கைகளாலும் சேற்றைத் துழாவுகிறார். இறால் துள்ளும் கணத்தில் விரல்கள் அதை அமுக்கிவிடுகின்றன. கைகள் இரண்டும் தேடலில் இருப்பதால், பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்கிறார். பறவைக்கு வாயே சல்லடை. பெண்ணுக்கு வாயே மூன்றாவது கை.

இனி வேற்றுமை. அலகு, தகடுகளின் இடைவெளிக்கேற்பச் சிற்றுயிர், விதை, பாசி என எல்லாவற்றையும் அரித்தெடுக்கிறது. விரல், தொட்ட ஒன்றையே தேர்கிறது. அலகுக்குச் சேறு தீங்கு செய்வதில்லை. விரலையோ சிப்பி ஓடு கிழிக்கும், கெளுத்தி முள் குத்தும்.

முகத்துவாரம் மணலால் அடைபடும்போது இந்த வேற்றுமை கூர்மையாகிறது. கடலில் பொரித்த இறால் குஞ்சுகள் அவ்வழியேதான் ஏரிக்குள் வரவேண்டும். பூநாரையின் இரை பெரும்பாலும் ஏரிக்குள்ளேயே விளைவது; அதுவும் குறைந்தால் வடக்கே சூளூர்ப்பேட்டைப் பக்கம் பறந்துவிடலாம். பறி ஏந்தியவருக்கு வேறு நீர் இல்லை.

உரிமையிலும் இருவரும் ஒன்றல்ல. பறவைக்குச் சட்டம் வகுத்த சரணாலயம் உண்டு. வலைகாரர்களுக்கு முறைவைத்து மீன்பிடி இடங்களைப் பகிரும் ‘பாடு’ உண்டு. வலையின்றிக் கையால் பிடிக்கும் இருளருக்கோ அந்தப் பாட்டில் முறை இல்லை. சேற்றை இவ்வளவு நுட்பமாக அறிந்த கைகளுக்கு ஏரியில் எழுதப்பட்ட பங்கு இல்லாதது அநீதி. மீன்வளத் துறையும் ஊர்ப் பஞ்சாயத்துகளும் இருளர்களுடன் உட்கார்ந்து பேசி, அவர்கள் இறால் தடவும் ஆழமற்ற பகுதிகளை அவர்களுக்கே உறுதிசெய்து தர வேண்டும்.