எழுத்தறிதலும் சரளமும்: ஜொகூர்த் தோட்டப்பள்ளிகளின் தொடக்க வாசிப்பு குறித்த வரலாற்றுப் பார்வை

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாறு இதுவரை பெரும்பாலும் பள்ளிகளின் எண்ணிக்கையாகவும் சட்டங்களின் வரிசையாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. 1816இல் பினாங்கில் தொடங்கிய தமிழ் வகுப்பு, 1951இன் பார்ன்ஸ் அறிக்கை, 1956இன் ரசாக் அறிக்கை, 1961இன் கல்விச் சட்டம் என அவ்வரிசை நமக்கு மனப்பாடம். ஆனால், அப்பள்ளிகளுக்குள் ஏழு வயதுப் பிள்ளை எவ்வாறு வாசிக்கக் கற்றது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. ஜொகூரின் கூலாய் மாவட்டத்தைச் சேர்ந்த செடெனாக் வட்டாரத்தை மனத்திற்கொண்டு அவ்வினாவை இங்கு எழுப்புகிறோம். பால்மரக் காடாகவும் பின்னர்ச் செம்பனைத் தோட்டமாகவும் அறியப்பட்ட அவ்வட்டாரத்தில் இன்று தரவு மையங்கள் எழுந்துள்ளன. தோட்டப்பள்ளியின் வகுப்பறைப் பழக்கங்களோ அவ்வளவு விரைவில் மாறிவிடுவன அல்ல.

கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்துத் தரவேண்டும் என விதித்தது. ஜொகூர் அம்மாநிலங்களுள் ஒன்றன்று. எனினும் தோட்டமும் பள்ளியும் அருகருகே வளர்ந்த முறை இங்கும் வேறன்று. கட்டடம் கேட்ட சட்டம், கற்பிப்பவர் யார் என்பதில் அத்துணைக் கண்டிப்புக் காட்டவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியும் கிராணியும் சில வேளைகளில் தொழிலாளருமே ஆசிரியராயினர். அவர்கள் அறிந்திருந்த கற்பித்தல் முறை ஒன்றுதான்: தாம் பயின்ற திண்ணைப்பள்ளி முறை.

அம்முறையை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. மணலில் விரலால் எழுத்தை வரைந்துகொண்டே அதன் ஒலியைச் சொல்லவைத்த திண்ணை ஆசிரியர், கை, கண், செவி மூன்றையும் ஒருங்கே பயிற்றினார். குறை வேறிடத்தில் இருந்தது. வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ஓதும்போது, வாசிக்கத் தெரிந்தவனும் தெரியாதவனும் ஒன்றுபோலவே ஒலிப்பர். பல வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு தனியொருவராகக் கற்பித்த தோட்டத்து ஆசிரியருக்குக் கூட்டோசை தவிர்க்க இயலாத துணையாயிற்று; அதுவே திரையுமாயிற்று.

அத்திரை இன்னும் முற்றிலும் விலகவில்லை. செடெனாக் பக்கத்துப் பள்ளி ஒன்றில் முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் பாடநூற்பக்கத்தைத் தங்குதடையின்றி ஒப்பிக்கக் கேட்டு மகிழ்ந்தோம். அவர் கண்கள் கூரையை நோக்கியிருந்ததைச் சற்றுத் தாமதித்தே கவனித்தோம். அதே சொற்களை இடம்மாற்றிக் கரும்பலகையில் எழுதியபோது, எழுத்தெழுத்தாகத் தடுமாறினார்.

அத்தடுமாற்றத்திற்கு மாணவரைப் பழிப்பதற்கு முன் தமிழ் எழுத்துமுறையின் இயல்பை நோக்குதல் வேண்டும். 247 எழுத்துகளைச் சொல்லத் தெரிவது ஒன்று. ஓடும் வரியில் அவற்றை நொடியில் இனங்காண்பது வேறொன்று. 'கொ' என்பதில் கண் முதலில் காண்பது ஒற்றைக்கொம்பை. ஒலிப்பில் முதலில் வருவதோ ககரமெய். 'கடல்', 'தங்கம்', 'பகல்' ஆகிய மூன்றிலும் ககரம் மூவகையாக ஒலிக்கிறது. கன்னடத்தைக் கொண்டு சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய உயிர்மெய் எழுத்துமுறைகளில் எழுத்துகளை முழுமையாகக் கைக்கொள்ளத் தொடக்கப்பள்ளியின் பல ஆண்டுகள் தேவைப்படுவதைக் காட்டியது. ஓராண்டில் நெடுங்கணக்கை முடித்துவிட்டோம் எனும் நம் நிறைவு எத்துணை அவசரமானது!

வீட்டுமொழியும் இதனுடன் சேர்கிறது. லயத்தில் 'எல', 'பொக', 'பொடவை' எனக் கேட்டு வளர்ந்த பிள்ளை, நூலில் 'இலை', 'புகை', 'புடவை' எனக் காண்கிறது. ஒவ்வோர் எழுத்தையும் பிழையறக் கூட்டியபின் கிடைப்பது, அது அறிந்த சொல்லாகத் தோன்றுவதில்லை. 'இ-லை' என்றால் என்ன எனக் கேட்கும் பிள்ளையிடம், "அதாம்மா, எல" என்று சொல்லும் ஆசிரியையே இங்கு நல்ல மொழியியலாளர். பேச்சுமொழியை வகுப்பறையின் வாயிலில் நிறுத்திவிட வேண்டும் என்னும் கருத்து நம்மிடையே செல்வாக்குடையது. தொடக்க வாசிப்பைப் பொறுத்தவரை அதனை ஏற்க இயலவில்லை.

எழுத்தை இனங்காண்பதிலேயே கவனம் முழுவதும் செலவாகிவிட்டால் பொருளுக்கு எதுவும் எஞ்சாது என்பதை லபெர்கும் சாமுவெல்சும் 1974இல் கோட்பாடாக வகுத்தனர். 1979இல் சாமுவெல்ஸ் முன்வைத்த மீள்வாசிப்பு முறையில், மாணவர் சிறு பகுதியொன்றைச் சரளம் வரும்வரை பலமுறை வாசிக்கிறார். மேலோட்டமாக நோக்கின் இது பழைய ஓதலைப் போன்றதே. ஆயின், இங்கே கண் வரியை விட்டு விலகுவதில்லை. வாசிப்பவர் ஒருவர், கேட்பவர் ஒருவர்.

கேட்பவர் யார் என்பதே நம் வரலாற்றின் சிக்கல். விடியுமுன் பால்வெட்டுக்குச் சென்ற பெற்றோர் பலர் தாமே எழுத்தறியாதவர். 1983இல் நடைமுறைக்கு வந்த புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் முன்னிறுத்தியது. 2010இல் தொடங்கிய லைனஸ் திட்டம் மலாய்மொழி எழுத்தறிவையும் எண்ணறிவையும் அளந்தது. 2013இல் ஆங்கிலமும் சேர்ந்தது. தமிழ் வாசிப்பு அவ்வளவீட்டில் இடம்பெறவில்லை. அளக்கப்படும் பாடத்திற்கு வகுப்பறை நேரம் சாய்வது இயல்பு. ஆசிரியரைக் குறைகூறிப் பயனில்லை.

150க்கும் குறைவான மாணவரைக் கொண்ட பள்ளிகளைக் கல்வி அமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என வகைப்படுத்துகிறது. தோட்டப்புறப் பள்ளிகள் பல இவ்வகையின; அவற்றைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரங்கற்பாவாகவே முடிகிறது. ஒரு கணக்கைப் பார்ப்போம். மாணவர் ஒருவருக்கு மூன்று நிமிடம் எனில், 35 பேர் வாசிப்பதைக் கேட்க 105 நிமிடங்கள் வேண்டும். எட்டுப் பேருக்கு 24 நிமிடங்கள் போதும். நகரத்துப் பெரிய பள்ளிக்கு எட்டாத இவ்வாய்ப்பு தோட்டப்பள்ளியில் நாள்தோறும் கிடைக்கிறது. மேல்வகுப்பு மாணவர் அதே வளாகத்தில் இருப்பதால், கேட்கும் செவிகளுக்கும் அங்குப் பஞ்சமில்லை.