பாராமகாலில் ஒற்றும் நில அளவையும்

துப்பறியும் நாவல்களில் ஒற்றன் நள்ளிரவில் மதிலேறிக் குதிக்கிறான், சதி பலிக்கிறது, கோட்டை வீழ்கிறது, கதையும் முடிகிறது. வரலாற்றிலோ, கோட்டை வீழ்ந்த பின்னும் ஒற்றனின் வேலை ஓய்வதில்லை. இவ்வுண்மைக்குத் தருமபுரியே சான்று.

பதினெட்டாம் நூற்றாண்டில் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளுக்குப் பாராமகால் என்று பெயர். ஹைதர் அலியும் அவர் மைந்தர் திப்பு சுல்தானும் ஆண்ட மைசூருக்கு அது கிழக்கு வாயிலாக விளங்கியது. மலைக் கணவாய்களின் வழியே மைசூர்ப் படையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் மாறி மாறி வந்து போயின.

நாவலுக்கேற்ற சதியொன்று அந்த மைசூரில் உண்மையிலேயே உருவாயிற்று. ஆட்சியிழந்த உடையார் மரபின் ராணி லட்சுமம்மண்ணியின் சார்பில், திருமலை ராவ் என்பார் 1782-ஆம் ஆண்டில் கம்பெனியாருடன் உடன்படிக்கை செய்தார். மறு ஆண்டு ஜூலைத் திங்களில், திப்பு மங்களூர் முற்றுகையில் ஈடுபட்டிருந்தபோது, தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றச் சிலர் திட்டமிட்டனர். அரசின் அஞ்சல் துறைத் தலைவர் சாமையாவும் அவர்களுள் ஒருவர். அக்காலத்தில் அஞ்சலும் உளவும் ஒரே துறையாக இருந்தமையால், அரசின் கண்ணாக விளங்கியவரே சதியிலும் பங்குகொண்டார் எனலாம். ஆயினும் செய்தி முன்னரே வெளிப்பட்டது, சதி முறிந்தது, அதில் ஈடுபட்டோர் கொடுந்தண்டனைக்கு ஆளாயினர்.

சதியால் ஆகாததைப் பொறுமையான விசாரணை சாதித்தது. கம்பெனிப் படையின் உளவுப் பிரிவுக்குத் தலைவர் காப்டன் அலெக்சாந்தர் ரீடு. 1788-ஆம் ஆண்டில் அவருக்கு உதவியாளராக அமர்ந்தவர் தாமஸ் மன்றோ. 1790-இல் மூன்றாம் மைசூர்ப் போர் மூண்டது. எந்தக் கணவாய் திறந்திருக்கிறது? தானியமும் மாட்டுத் தீவனமும் எங்கே கிடைக்கும்? எக்கோட்டையில் எத்தனை வீரர்? இத்தகைய வினாக்களுக்கு விடை கொணர்ந்தவர்கள் ஹர்க்காராக்கள் எனப்பட்ட தூதர்கள். அகப்பட்டால் உயிர் போகும் தொழில் அது. அவர்களுள் பெரும்பாலோரின் பெயரை வரலாறு எழுதி வைக்கவில்லை.

1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கம்பெனியின் வசமாயிற்று. அதனை ஆள வந்தவர் யார்? உளவுப் பிரிவின் தலைவராயிருந்த அதே ரீடு. துணையாக வந்தவருள் ஒருவர் அதே மன்றோ! ஏழாண்டுக் காலம் இங்கே பணியாற்றிய மன்றோ, தருமபுரியில் தாம் வளர்த்த தோட்டத்தைப் பற்றி அன்போடு கடிதங்கள் எழுதினார்.

கேட்டவர்கள் அவர்களே, கேள்விகள்தாம் மாறின. இந்த வயல் யாருடையது? கிணறு உண்டா? என்ன விளையும்? எவ்வளவு வரி தாங்கும்? வயல் வயலாக நிலம் அளக்கப்பட்டது. மக்கள், விளைபொருள், வரிகள் பற்றிய குறிப்புகள் பெருகின. இடைத்தரகரின்றி உழவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கே உருப்பெற்றது. பின்னர் 1820 முதல் 1827 வரை சென்னைக் கவர்னராக இருந்த மன்றோ அதனை மாகாணத்தில் பரவச் செய்தார்.

இம்முறை உழவரை இடைத்தரகரின் பிடியிலிருந்து காத்தது என்பர் சிலர். அரசின் பார்வைக்குத் தப்ப ஒரு சிறு மூலையும் அவருக்கு விட்டு வைக்கவில்லை என்பர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு.

ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், ஒற்றர் கூறுவதையும் சரிபார்க்க வேண்டும் என்று அறிவுறுத்தினார். மாணவர்களே, உங்கள் ஊரைப் பற்றிய பழைய ஆவணத்தைக் காணுங்கால் நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். இது யாரைக் கேட்டு எழுதப்பட்டது, யாருடைய நன்மைக்காக எழுதப்பட்டது என்று வினவுங்கள். பெயரற்ற அந்தத் தூதனும், கைகட்டி நின்று விடை சொன்ன உழவனும் அப்போது உங்கள் கண்ணுக்குத் தெரிவார்கள்.